சண்டை ஆண்களுக்கு, வசை பெண்களுக்கா?

 

நம்மவர் இருவர் சண்டையிடும்போது கவனித்துப் பாருங்கள். கடன் பாக்கியைப் பற்றிய வழக்காயிருக்கும். அல்லது கடை வாசலை மறித்து லாரி நிறுத்தியதைப் பற்றியதாயிருக்கும். நாலு வார்த்தை முற்றுவதற்குள் ஒருவர் எதிராளியின் தாயாரை இழுத்து விடுகிறார். மற்றவர் இவருடைய மனைவியையும் சகோதரியையும் இழுக்கிறார். அந்தக் கடனில் அப்பெண்களுக்குப் பங்கு உண்டா? அவர்கள் அவ்விடத்தில் இருக்கவாவது செய்கிறார்களா? நம் மொழியின் கெட்ட வார்த்தைகளில் அநேகம், ஆணைத் திட்டுவதற்காகப் பெண்ணை இழிவு செய்பவையே. முன்பு கடைத்தெருவோடு போயிற்று. இப்பொழுது கைப்பேசியில் ஏறி ஒரு நொடியில் ஊரெங்கும் போகிறது. மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இதைப் பற்றிக் கூறுவதைப் பார்ப்போம்.

1. தாயைச் சொல்லி ஏசுதல்

ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரோடு ஏற்பட்ட தகராறில் அவருடைய தாயாரைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். அம்மனிதர் ஹஜ்ரத் பிலால் (ரலி) என்று விரிவுரையாளர் பலர் கூறுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதையறிந்து, 'உம்மிடத்தில் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது' என்ற கருத்தில் கண்டித்தார்கள். உம்மிடம் வேலை செய்வோர் உம் சகோதரர்கள். நீர் உண்பதை அவர்களுக்கும் கொடும், உடுப்பதை அவர்களுக்கும் உடுத்தும் என்றும் போதித்தார்கள். பிற்காலத்தில் அபூதர் அவர்களும் அவர்களுடைய அடிமையும் ஒரே விதமான ஆடை அணிந்திருந்ததைக் கண்டு ஒருவர் காரணம் கேட்டபோது, அவர்களே சொன்ன வரலாறு இது. சஹீஹுல் புகாரியில் இருக்கிறது. கடையில் ஆள் வைத்து வேலை வாங்கும் நாம், கோபம் வந்தால் அந்த ஆளின் தாயைச் சொல்லி ஏசலாமா?

பெற்றோரை ஏசுவது பெரும் பாவங்களில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, பெற்ற தாயை எவனாவது ஏசுவானா என்று தோழர்கள் வியந்தார்கள். இவன் அடுத்தவன் தாயை ஏச, அவன் திருப்பி இவன் தாயை ஏசுகிறான். ஆகையால் தன் தாயை ஏசினவன் இவனே என்று விளக்கம் கிடைத்தது.

2. அவதூறு

பனூ முஸ்தலிக் படையெடுப்பின் போது, முரைஸீ என்னும் நீர்நிலையில் தண்ணீருக்காக இருவர் சண்டையிட்டனர். ஒருவர் முஹாஜிர்களைச் சேர்ந்தவர், மற்றவர் அன்ஸாரிகளைச் சேர்ந்தவர். அதைப் பெருங் கலகமாக்கப் பார்த்தான் அப்துல்லாஹ் இப்னு உபை. அது பலிக்கவில்லை என்று சீறா ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தத் திரும்பும் பயணத்திலேயேதான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காணாமற்போன தம் கழுத்து மாலையைத் தேடிச் சென்றிருக்க, சிவிகையில் அவர்கள் இருப்பதாக எண்ணிப் படை புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஹஜ்ரத் ஸஃப்வான் (ரலி) அவர்களைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் அதைப் பிடித்து நடந்து, படையிடம் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஆண்களை மோதவிட்டுத் தோற்றவன், இப்பொழுது ஒரு பெண்ணின் பெயரைக் கையில் எடுத்தான்.

மதீனாவில் ஏறக்குறைய ஒரு மாதம் அந்தப் பேச்சு நடந்தது. நல்லவர்களிலும் சிலர் அதை வாங்கிப் பரப்பிவிட்டனர். முடிவில் சூரத்துந் நூரின் ஆயத்துகள் இறங்கி அன்னையாரின் தூய்மையை நிலைநாட்டின. அதே சூராவின் 4-ஆம் ஆயத்து, கற்புள்ள பெண்மீது பழி கூறி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு 80 கசையடி என்றும், அவனுடைய சாட்சியத்தை ஏற்கலாகாது என்றும் விதிக்கிறது. 15-ஆம் ஆயத்து, அந்தப் பேச்சை நாவுக்கு நாவு மாற்றிக்கொண்டு அதை அற்பமாக எண்ணியவர்களைக் கண்டிக்கிறது. அல்லாஹ்விடத்தில் அது பெரிது.

'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பார் சிலர். திருட்டுச் சரக்கை வாங்கி விற்றவன், 'நான் திருடவில்லை' என்றால் போலீஸ் விட்டுவிடுமா? 50 வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குகிற நாம், ஒரு பெண்ணின் மானத்தைப் பற்றிய செய்தியைப் பாராமலே கை மாற்றுகிறோம்!

3. நம் நாட்டில்

ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, டிக்டாக்கில் பலர் அறிந்த தமிழ்ப் பெண். அங்கு அவர்மீது வசையும் மிரட்டலும் பொழிந்தன. போலீசில் புகார் செய்த மறுநாள், 2024 ஜூலை 5-இல், அவர் உயிரை மாய்த்துக் கொண்டார். இவ்வழக்கில் ஒரு பெண்மணிக்கு 1955-ஆம் வருடத்துச் சிறு குற்றச் சட்டப்படி 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அப்பிரிவில் அதற்கு மேல் இடமில்லை. ஓர் உயிருக்கு நூறு வெள்ளியா என்று நாடே கேட்டது. அதன் பின் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் அமலில் இருக்கிறது. துன்புறுத்தும் எண்ணத்தோடு வசை கூறுபவனுக்கு 3 வருடம் வரை சிறை விதிக்கலாம். பெண்ணின் மானத்தை இழிக்கும் சொல்லுக்கு 509-ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை முன்பிருந்தே உண்டு. பழிச்சொல்லில் மாண்டவர் எந்த மதத்தவரானாலும் நமக்கும் படிப்பினை இருக்கிறது.

4. நாம் செய்ய வேண்டியவை

வழக்கு எதைப் பற்றியதோ அதைப் பற்றியே பேசுவோம்; கணக்குச் சண்டையைக் கணக்குப் புத்தகத்தோடு நிறுத்துவோம். கடையிலோ குழுவிலோ ஒருவர் பெண்ணை இழுத்தால், 'அவர்களை விடுங்கள்' என்று மூத்தவர் ஒருவர் உடனே சொல்லட்டும். வந்த பழிச்செய்தி நம்மோடு நிற்கட்டும். பாலிக் புலாவ் போன்ற சிற்றூரில், காலையில் பசியாறும் கடையில் விழுந்த பேச்சு அஸருக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அதைத் திரும்ப அழைக்க எவராலும் முடியாது.

நம் கடைப் பையன் நம்மிடம் வியாபாரம் மட்டும் கற்பதில்லை. கோபம் வந்தால் எப்படிப் பேசுவது என்பதையும் கற்கிறான். அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக. ஆமீன்.

— பாலிக் புலாவ் வியாபாரி ஒருவர்