புதிய கோச்சும் பழைய கால்களும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. புதிதாக வரும் கோச்சின் பாணியைப் பார்த்து அவரை எடைபோடுவதா, அவர் கையில் இருக்கும் ஆட்களைப் பார்த்தா என்று சித்தூரில் நீயும் திருப்பதியில் படிக்கும் உன் கூட்டாளிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆந்திரத்துக்கென்று ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கில் அணி கிடையாது. உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. அதனால் இந்த வாக்குவாதம் இரட்டிப்பாகத்தான் நடக்கும். நடக்கட்டும். ஆனால் நீங்கள் இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் தவறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆட்களை விட்டுவிட்டுத் தனியாக நிற்கும் பாணி என்று ஒன்று இல்லவே இல்லை. உங்கள் ஜில்லா மாந்தோப்புக்காரர்களைக் கேட்டுப் பார். கூழ் ஆலைக்குத் தோத்தாபுரி, வீட்டில் அறுத்துச் சாப்பிடப் பங்கனபள்ளி என்பார்கள். எது நல்ல மாம்பழம் என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். கோச் விஷயத்திலும் முதல் கேள்வி அதுதான்: இந்த ஆட்டம் யாருடைய கால்களுக்கு?

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையின் எஃப்.சி.யின் கதையை எடுத்துக்கொள். 2017-18 பருவத்தில் ஜான் கிரிகரி கோச்சாக வந்தார். அவருடைய ஆட்டம் கட்டுக்கோப்பானது. பின்னால் இறுக்கமாக நில், கிடைத்த கார்னரையும் ஃப்ரீகிக்கையும் வீணாக்காதே என்பதுதான் அதன் சாரம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு எஃப்.சி.யின் சொந்த மைதானத்தில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அதன் பிறகு இரண்டு கார்னர்கள். இரண்டையும் ஆட்டக்காரர் கிரிகரி நெல்சன் வளைத்து உள்ளே அனுப்பினார், இரண்டையும் மைல்சன் ஆல்வெஸ் எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆட்டம் 3-2, கோப்பை சென்னைக்கு. கோச் கிரிகரியின் பாணியே சரியான பாணி என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் மறுக்க வழியில்லை. அடுத்த பருவத்திலும் அதே கோச்தான், அதே பாணிதான். ஆனால் தலைவர் ஹென்ரிக் சேரெனோ போய்விட்டார். நடுக்களத்தைக் காவல் காத்த வியாசர்பாடித் தனபால் கணேஷ் காயத்தில் விழுந்துவிட்டார். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். ஒரே வருடத்தில் ஒரு மனிதருக்கு அறிவு குறைந்துவிடுமா? அவருடைய திட்டத்தைத் தாங்கிய தூண்களில் சில இப்போது இல்லை, அவ்வளவுதான்.

2019-ல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அந்தக் கோடையில் கிரிகரி தலைமையில் அணியையே புதிதாகச் சேர்த்தார்கள். லிதுவேனியாவின் நெரியஸ் வல்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, மிசோரத்தின் லாலியன்சுவாலா சாங்டே எல்லாரும் வந்தார்கள். ஆனால் முதல் நான்கு ஆட்டத்தில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டம் முடிந்தபோது போட்டது 4, வாங்கியது 10, கையில் 5 புள்ளி. கிரிகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் காயில் வந்தார். பர்ன்லியை 2009-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர் அவர். கையில் இருந்த இதே முன்களத்தை வைத்தே ஆடினார். மாற்றியது, அவர்களிடம் என்ன கேட்பது என்பதைத்தான். பந்தைப் பறிகொடுத்தால் பின்வாங்காமல் பறிகொடுத்த இடத்திலேயே மறித்துப் பிடுங்கச் சொன்னார், பிடுங்கியதும் தாமதிக்காமல் முன்னால் கொடுக்கச் சொன்னார். சாங்டேயின் சொத்து வேகம். எதிரணி நிலைகொண்டு நிற்கும்போது அந்த வேகத்துக்கு ஓட இடமில்லை. எதிரணி பந்தைப் பறிகொடுத்த அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் இடம் திறக்கும். கிரிகரியின் ஆறு ஆட்டத்தில் ஒரு கோலும் போடாத சாங்டே அந்தப் பருவத்தை 7 கோலோடு முடித்தார், வல்ஸ்கிஸ் 15 கோலோடு. மீதமிருந்த 12 லீக் ஆட்டத்தில் அணி போட்டது 28, வாங்கியது 16. அந்த 16 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு. தாக்கி ஆடினால் பின்கதவு திறந்துவிடும் என்பது கால்பந்து பேசுகிறவர்களின் வாய்ப்பாடு. இங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குப் போட்டால், ஒதுங்கி நின்றபோது வாங்கியதைவிட ஏறி ஆடியபோது வாங்கிய கோல் குறைவு. பந்தை எதிரணியின் பாதியிலேயே பிடுங்கிவிட்டால் உன் கோல்கீப்பர் வரை அது வருவதே அரிதாகிவிடும். தற்காப்பு என்பது பின்னால் நிற்கும் நான்கு பேரின் வேலை மட்டும் அல்ல.

உன் கூட்டாளிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். புது மருமகள் வந்த முதல் வாரம் வீடு பளபளக்கும், புது கோச்சும் அப்படித்தான் என்பார்கள். ஆனால் காயிலின் முதல் வாரங்கள் பளபளக்கவில்லை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. கோவாவிடம் 3-4, ஒடிசாவிடம் 0-2. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ரசிகன் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், இந்தப் பாணி இந்த அணிக்கு ஒத்துவராது என்று தீர்ப்பு எழுதியிருப்பான். ஆட்டத்தைப் பார்த்தவன் வேறு ஒன்றைக் கவனித்திருப்பான். முன்பு ஆறு ஆட்டத்தில் நான்கு கோல் போட்ட அணி இப்போது நான்கே ஆட்டத்தில் ஏழு போட்டிருந்தது. அடுத்த எட்டு லீக் ஆட்டத்திலும் தோல்வியே இல்லை, ஆறு வெற்றி, இரண்டு டிரா. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக மட்டும் ஆறு கோல். நான்காம் இடத்தில் முடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டத்தின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. கோப்பை கைக்கு வரவில்லைதான், ஆனால் நம் வழக்குக்கு அது வேண்டியதும் இல்லை.

அப்படியானால் காயிலின் பாணிதான் சரியான பாணியா என்று கேட்பாய். அதுவும் இல்லை. அடுத்த பருவத்தில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வல்ஸ்கிஸும் போனார். சென்னைக்கு வந்த சாபா லாஸ்லோவின் அணி 20 ஆட்டத்தில் 11 டிரா செய்தது, மொத்தமே 17 கோல்தான். அணி வாய்ப்புகளை உண்டாக்கியது. பந்தை வலைக்குள் தள்ளும் கால் இல்லை, பந்தைச் சரியான இடத்துக்கு அனுப்பும் கிரிவெல்லாரோவும் பாதியில் காயம்பட்டு வெளியேறினார். 2023-ல் காயிலே சென்னைக்குத் திரும்பி வந்தார். முதல் வருடம் ஆறாம் இடம் பிடித்துப் பிளேஆஃப் வரை போனார்கள், 2024-25-ல் பதினோராம் இடத்துக்கு இறங்கினார்கள். அதே மனிதர், அதே ஊர், வேறு கால்கள்.

இனி நீ எழுப்பிய வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். கையில் இருப்பதை வைத்தே சமைத்துக்கொண்டிருந்தால் ஒரு அணி என்றைக்குத்தான் வளரும், பெப் குவார்டியோலாவைப் பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். பார்க்கிறேன். 2016-17-ல் மான்செஸ்டர் சிட்டியில் அவருடைய முதல் பருவத்தில் ஒரு கோப்பையும் இல்லை. சபலெட்டா, சாக்னா, கிளிஷி, கோலரோவ் என்று பக்கக் காவலர்கள் நால்வரும் முப்பதைத் தாண்டியவர்கள். அவர் பாணியை மாற்றவில்லை, ஆட்களை மாற்றினார். அடுத்த கோடையில் வாக்கர், மெண்டி, டனிலோ, கோல்கீப்பர் எடர்சன் எல்லாரும் வந்தார்கள், அணி 100 புள்ளி எடுத்தது. உன் வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன், பணமும் காலமும் கையில் இருக்கும் இடத்தில். பணம் இருந்தும் காலம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அதே ஊரிலேயே மற்றொரு சாட்சி உண்டு. 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் அணிக்கு இரண்டு முறை லீக் பட்டம் வாங்கித் தந்த 3-4-3 அமைப்பை, பின்னால் நான்கு பேரை நிறுத்தி ஆடுவதற்கென்று வாங்கிச் சேர்த்த ஆட்களின் மேல் பருவத்தின் நடுவில் போர்த்தினார். பருவம் முடிந்தபோது அணிக்கு மொத்தம் 42 புள்ளி, 15-ஆம் இடம். அதே 3-4-3 லிஸ்பனில் பலித்தது, ஏனென்றால் அங்கே அதற்கான ஆட்கள் இருந்தார்கள்.

நம் லீக்கில் அந்தக் காலமும் இல்லை, பணமும் இல்லை. காயில் வந்த பருவத்தில் லீக் ஆட்டம் 18 மட்டுமே. அப்போது களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர்தான் நிற்க முடிந்தது, 2021-22-ல் அது நான்காகிவிட்டது. மற்ற இடங்களில் இந்திய வீரர்கள். பெயரெடுத்த இந்திய வீரர்களை எல்லா அணியும் ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருக்கும், பருவத்தின் நடுவில் கடைக்குப் போய் எளிதாக வாங்கிவர முடியாது. அதனால் ஐ.எஸ்.எல். கோச் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் வெளிநாட்டில் எந்த ஃபார்மேஷனில் ஜெயித்தார் என்பதைவிட, இங்குள்ள ஆறேழு இந்தியப் பையன்களிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தாரா என்று கேட்பதுதான் பொருத்தம்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நீங்கள் ஆட்டத்தை டி.வி.யிலும் போனிலும் பார்க்கிறீர்கள். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத இடத்தில் மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பது திரையில் பாதிதான் வரும், பாணி என்பது பெரும்பாலும் அந்த மறுபாதியில்தான் இருக்கிறது. அதனால் ஒரு வேலை தருகிறேன். அடுத்த ஆட்டத்தில் எதிரணிக் கோல்கீப்பர் கையில் பந்து வரும்போதெல்லாம், திரையில் தெரியும் நம் ஆட்களில் எத்தனை பேர் நடுக்கோட்டைத் தாண்டி நிற்கிறார்கள் என்று எண்ணு. நம் ஆள் பந்தைப் பறிகொடுத்த பிறகு முதலில் பாய்கிறவர் யார், எத்தனை விநாடியில் என்று குறித்துக்கொள். எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகும் அதே ஆள்தான் பாய்கிறாரா, மூச்சு வாங்கி நிற்கிறாரா என்பதைத் தனியாக எழுது. மூன்று ஆட்டத்துக்கு இப்படிச் செய்து, அந்தத் தாளைத் திருப்பதியில் இருக்கும் உன் கூட்டாளிகளிடம் காட்டிவிட்டு, அவர்கள் சொல்லும் மறுப்பையும் சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்