பிள்ளைச் சிகிச்சைக்கு மாதம் பார்க்க வேண்டுமா?



கல்யாணம் முடித்து இரண்டு, மூன்று வருடமாகியும் பிள்ளை உண்டாகாத தம்பதிகள் பல தோட்டங்களில் இருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "ஆடி கழியட்டும்", "மழை விடட்டும்", "தை பொறக்கட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். சிகிச்சைக்கும் காலநிலைக்கும் சம்பந்தம் உண்டா? பார்ப்போம்.

ஆய்வு சொல்வது

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 2013 முதல் 2021 வரை நடந்த சிகிச்சைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. பெண்ணின் முட்டையை வெளியே எடுத்து, ஆணின் விந்தணுவோடு சேர்த்து, உண்டான கருவை உறையவைத்து, பிறகு கருப்பையில் வைப்பதே அந்தச் சிகிச்சை. கோடையில் எடுத்த முட்டையானால் 100க்கு 31 தடவை குழந்தை பிறந்தது. இலையுதிர் காலத்தில் எடுத்ததானால் 26 தடவை. வெயில் கூடிய நாட்களில் எடுத்த முட்டை நல்ல பலன் தந்தது. ஆனால் கருவை உள்ளே வைத்த நாள் அதிக சூடாக இருந்தால் பலன் குறைந்தது.

நமக்கு இது பொருந்துமா?

பேர்த்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணித்தியாலம் வித்தியாசம். இலங்கையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். நமக்கு மழையும் பனியும் உண்டு. அவர்களைப்போல நான்கு பருவம் கிடையாது. ஆகவே அந்தக் கணக்கை வைத்து இங்கே மாதம் குறிக்க முடியாது. அங்கேயும் வித்தியாசம் 100க்கு ஐந்துதான்.

வயதுதான் பெரிய விஷயம். 35 வயதுக்குப் பிறகு பெண்ணின் முட்டை எண்ணிக்கையிலும் தரத்திலும் வேகமாகக் குறையும். நல்ல மாதம் பார்த்துக் காத்திருந்தால் வயதுதான் போகும்.

ஆண்களுக்கும் ஒரு பாடம்

விந்தணு உண்டாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லும். அதற்கு உடம்புச் சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும். பெக்டரியில் அடுப்புப் பக்கம் நெடுநேரம் நிற்பவர்களும், கடும் காய்ச்சல் வந்தவர்களும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். குடியும் சிகரெட்டும் விந்தணுவைக் கெடுக்கும். குறை ஆணிடமும் இருக்கலாம். பொம்பளையை மட்டும் "மலடி" என்று ஏசுவது பாவம். அது உண்மையும் அல்ல.

உண்மையில் தடுக்கும் சீசன்

நம்மிடம் சிகிச்சையைக் கெடுப்பது கொழுந்து சீசன். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கூடும்போது, பேர் போய்விடும் என்று கிளினிக் நாளை விட்டுவிடுகிறார்கள். சில பரிசோதனைகளை மாதவிடாய் தொடங்கி இத்தனையாம் நாள் என்று கணக்குப் பார்த்துத்தான் செய்வார்கள். அந்த நாள் தவறினால் ஒரு மாதம் வீணாகும். ஆகவே துண்டைக் காட்டி முன்கூட்டியே லீவு கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், காரணத்தை எல்லோருக்கும் சொல்லவும் தேவையில்லை.

மனதில் வையுங்கள்

1. ஒரு வருடம் முயன்றும் பிள்ளை உண்டாகாவிட்டால் டாக்டரைக் காணுங்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும்.
2. புருசன், பெண்சாதி இருவரும் சேர்ந்தே போங்கள்.
3. முதலில் தோட்டத்து மருத்துவமாதுவிடம் பேசுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று அவர் சொல்லுவார்.
4. ஃபோலிக் அமில மாத்திரையை உண்டாகும் முன்பே தொடங்குவது நல்லது.

மாமியார்மாரே, ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது உங்கள் வழக்கமாக இருக்கலாம். ஆனால் கிளினிக் துண்டில் ஆடி மாதத் திகதி போட்டிருந்தால், அன்றைக்கு இருவரையும் கிளினிக்குக்கு அனுப்பிவையுங்கள்.