கூலிங்கிளாசும் கறுத்துப்போகும் திரையும்



இணையத்தில் உலவும் குறும்படங்களுள் ஒரு வகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி விற்பவர் ஒருவர் கைபேசித் திரைக்கு முன்னால் ஒரு கூலிங்கிளாசைப் பிடித்து, மெல்லச் சுழற்றுகிறார். கால் வட்டம் திரும்பியதும் திரை அடியோடு கறுத்துவிடுகிறது. இது அசலான 'போலராய்டு' கண்ணாடி, ஆகவே கண்ணுக்கு முழுப் பாதுகாப்பு என்கிறார் அவர். அவர் கூற்றின் முற்பாதி சரி. பிற்பாதிக்கும் அந்தச் சோதனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒளி ஒரு குறுக்கலை. அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் அதிர்கிறது. சூரியனிலிருந்தும் விளக்கிலிருந்தும் வரும் ஒளியில் இவ்வதிர்வு எல்லாத் திசைகளிலும் கலந்து கிடக்கும். ஒரே திசையில் மட்டும் அதிர்ந்தால் அதனைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். 1808-இல் மாலஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிசில் தம் அறையிலிருந்து, லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஐஸ்லாந்து ஸ்பார் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, இரட்டையாகத் தெரிந்த பிம்பங்கள் மாறி மாறி மங்கின. எதிரொளிப்பும் ஒளியைத் தளவிளைவுறச் செய்யும் என்பது இவ்வாறு தெரியவந்தது.

படிகத்தை மூக்கின்மேல் மாட்டிக்கொள்ள முடியாதல்லவா? 1929-இல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க இளைஞர் இதே வேலையைச் செய்யும் மெல்லிய தகடு ஒன்றை உருவாக்கினார். பின்னர் வந்த தகடுகளில், ஒருவகைப் பிளாஸ்டிக் ஏட்டை ஒரே திசையில் இழுத்து நீட்டி அயோடினில் தோய்க்கிறார்கள். நீண்ட மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்துவிடுகின்றன. அவற்றின் நீளவாக்கில் அதிரும் ஒளி உறிஞ்சப்படுகிறது. குறுக்குவாக்கில் அதிரும் ஒளி வெளியேறுகிறது. (சன்னல் கம்பிகளுக்கு இடையே கயிற்றை அசைக்கும் உவமையைப் பல புத்தகங்களில் காண்பீர்கள். கயிற்றின் அசைவு கம்பிகளுக்கு இணையாக இருந்தால்தான் தப்பும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். எனவே அந்த உவமை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.)

இந்தக் கண்ணாடியால் பயன் என்ன? தார்ச்சாலை, குளத்து நீர் போன்ற கிடைப்பரப்புகளிலிருந்து தெறித்து வரும் ஒளி பெரும்பாலும் கிடைத்திசையில் தளவிளைவுற்றிருக்கும். நீரில் படுகோணம் 53° ஆகும்போது எதிரொளித்த ஒளி முழுமையாகவே தளவிளைவுறும். 1815-இல் புரூஸ்டர் கண்ட விதிப்படி, இக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம், நீருக்கு 1.33. கூலிங்கிளாசின் தகடு செங்குத்து அதிர்வை மட்டும் விடுமாறு பொருத்தப்பட்டிருப்பதால் அந்தக் கூச்சம் அடங்கிவிடுகிறது. நீருக்குள் ஓடும் மீனும் தெரிகிறது.

இனி கைபேசிக்கு வருவோம். திரவப் படிகத் திரையின் முகப்பில் ஒரு தளவிளைவுத் தகடு இருக்கிறது. ஆகையால் திரையைவிட்டு வெளிவரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது. கண்ணாடியின் அச்சும் அதன் அதிர்வுத் திசையும் θ கோணத்தில் இருந்தால், கடந்து வரும் ஒளி cos²θ மடங்கு. இதுவே மாலஸ் விதி. 45° எனில் பாதி, 60° எனில் கால்பங்கு, 90° எனில் ஒன்றுமில்லை, திரை கறுக்கிறது.

இதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. திரை கறுத்த நிலையில் கண்ணாடியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வகையான இன்னொரு கண்ணாடியைத் திரைக்கும் அதற்கும் நடுவே 45° சாய்த்து நுழையுங்கள். தடுப்பு கூடினால் இருளும் கூடவேண்டும் என்றுதானே தோன்றும்? மாறாக வெளிச்சம் வந்துவிடும்! நடுக் கண்ணாடி பாதி ஒளியை விடுவதோடு அதன் அதிர்வுத் திசையையும் 45° மாற்றிவிடுகிறது. கடைசிக் கண்ணாடி அதில் பாதியை விடுகிறது. ஆக, கண்ணாடியின் நிறம் உறிஞ்சுவதை ஒதுக்கிவிட்டால், கால்பங்கு ஒளி உங்கள் கண்ணை எட்டும். இத்தகைய படத்தை இணையத்தில் பார்ப்பவர் பலர் இது தந்திரக்காட்சி என்று எண்ணுகிறார்கள். இது சுத்தமான இயற்பியல்.

சரி, கண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே போயிற்று? கண்ணைக் கெடுப்பது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். அதாவது 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் உடையது. ஆண்டுக்கணக்கில் படும்போது கண்புரை வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. வளரும் பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால், உள்ளே புகும் அளவும் அதிகம். திரை கறுக்கும் சோதனை கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பற்றியது மட்டுமே. அந்தக் கண்ணாடி புற ஊதாவைத் தடுக்கலாம், தடுக்காமலும் போகலாம்.

தடுக்காவிட்டால் வெறுங்கண்ணைவிட மோசம். வெயிலில் உங்கள் கண்பாவையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அது 4 மில்லிமீட்டராக விரிந்தால், திறப்பின் பரப்பு நான்கு மடங்காகிறது. கண்ணைச் சுருக்கும் இயல்பான பழக்கமும் நின்றுவிடுகிறது. இதற்கு மாறாக, பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக்கால் செய்த நிறமற்ற கண்ணாடிகூடப் புற ஊதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆக, கறுப்பு வேறு, தளவிளைவு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. வாங்கும்போது 'யூவி 400' என்ற குறிப்பைப் பாருங்கள். தெருவோரக் கடையில் குறிப்பையும் ஒட்டி விற்கலாமே என்பீர்கள். உண்மைதான், மூக்குக்கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இதை அளக்கும் சிறு கருவி உண்டு, கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டு போலராய்டு கண்ணாடிகளைக் குறுக்காக வைத்தால் இருட்டாகிறதே, அதன்வழியே சூரியனைப் பார்த்தால் என்ன என்று கெட்டிக்கார மாணவர்களுக்குத் தோன்றும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்ற வளையக் கிரகணம் போன்ற ஒன்று மறுபடி வரும்போது இந்த ஆசை எழக்கூடும். கூடவே கூடாது. அயோடின் தகடுகள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. கண்ணுக்கு இருட்டாகத் தெரியும்போதே வெப்பக்கதிர்கள் உள்ளே புகுந்து விழித்திரையைச் சுடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் சுட்டது அப்போது தெரியவும் தெரியாது. கிரகணத்துக்கென்றே தயாரித்த வடிகட்டிகளையே பயன்படுத்த வேண்டும்.

சூரியனை விட்டுவிட்டுக் கைபேசியிலேயே இன்னொரு சோதனை செய்யலாம். ஒரு மெல்லிய, நிறமற்ற பிளாஸ்டிக் தாளின்மீது பழைய செலோ டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக, திசை மாற்றி மாற்றி ஒட்டுங்கள். வெள்ளைத் திரையின்மேல் அதை வைத்துக் கண்ணாடி வழியே பாருங்கள். பச்சை, ஊதா, மஞ்சள் என்று நிறங்கள் பூக்கும். டேப் தயாராகும்போது இழுத்து நீட்டப்படுவதால் அதற்குள் ஒளி இரு வேகங்களில் செல்கிறது. ஒவ்வொரு நிறத்தின் அதிர்வும் வெவ்வேறு விதமாக மாறி வெளிவருகிறது. சில கைபேசிகளில் திரை எப்படித் திருப்பினாலும் கறுக்காது. வெயிலில் கூலிங்கிளாஸ் அணிந்தும் படிக்க வசதியாக, உற்பத்தியாளர் இதே தன்மையுள்ள ஒரு மெல்லேட்டைத் திரையின்மேல் ஒட்டியிருப்பதுதான் காரணம்.