வெளிநாட்டில் பயிலும் மாணவரின் ஊதியமும் தாயகத்தின் வரிக் கணக்கும்

உயர் கல்விக்காக அயல்நாடு செல்லும் நம் மாணவர்களில் பலர், அங்கே பல்கலைக்கழகத்திலேயே உதவி ஆசிரியராகவோ, ஆய்வு உதவியாளராகவோ, நூலகப் பணியாளராகவோ வேலை செய்து ஊதியம் பெறுகின்றனர். அவ்வூதியத்தில் அந்நாட்டு அரசு வரியைப் பிடித்துக்கொள்கிறது. ‘அங்கே வரி பிடித்தாயிற்று, இங்கே எதற்குக் கணக்கு?’ என்று பெற்றோர் கேட்பது இயல்பே. இக்கேள்விக்குத் தவறான விடையை நம்பியதால், சில ஆண்டுகள் கழித்து வருமான வரித் துறையின் அறிவிப்பைப் பெற்றுத் திகைப்போரும் உண்டு. ஆதலின் இப்பொருளை மாணவர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் அலுவலர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

யார் இந்தியாவில் வசிப்பவர்?

வருமான வரியைப் பொறுத்தவரை, ஊதியம் எங்கே ஈட்டப்பட்டது என்பதற்கு முன், ஈட்டியவர் அவ்வாண்டில் இந்தியாவில் வசிப்பவரா என்ற வினா எழுகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் வசிப்பவர் ஆவார். அவ்வாண்டில் 60 நாட்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இருந்தவரும் வசிப்பவரே. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகனுக்கு, புறப்படும் ஆண்டில் இந்த 60 நாள் வரம்பு 182 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. படிப்பதற்காகச் செல்பவருக்கு இச்சலுகை கூறப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2024 ஆகஸ்டு 15 அன்று இருவர் அமெரிக்காவிற்குப் புறப்படுகின்றனர். ஒருவர் வேலைக்கு, மற்றவர் முதுகலைப் படிப்பிற்கு. ஏப்ரல் 1 முதல் இருவரும் இந்தியாவில் இருந்தது 137 நாட்கள். வேலைக்குச் சென்றவர் 2024-25ஆம் நிதியாண்டில் வசிக்காதவர்; மாணவரோ வசிப்பவர். அதுவரை இந்தியாவிலேயே வாழ்ந்தவராதலின் அவர் ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற வகையைச் சேர்கிறார். ஆகவே அவருடைய உலகளாவிய வருமானம் முழுவதும் இந்திய வரிக்கு உட்பட்டது.

அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் கீழ் மாணவர் புறப்பட்டதுமே வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்படுகிறார். வங்கியில் கேட்ட இவ்விடையை வரிச் சட்டத்திற்கும் பொருத்திக்கொள்வதே பலர் செய்யும் பிழை. இவ்விரண்டும் வேறு வேறு சட்டங்கள்.

அடுத்த ஆண்டு நிலை மாறுகிறது. விடுமுறைக்கு மட்டும் தாயகம் வந்து செல்லும் மாணவர், 182 நாட்களுக்குக் குறைவாக இங்கு இருந்தால், பொதுவாக வசிக்காதவர் ஆவார். அவருடைய அமெரிக்க ஊதியத்திற்கு இங்கே வரியில்லை. அங்கு வரவு வைக்கப்பட்ட பணத்தை வீட்டிற்கு அனுப்பினாலும் அது மீண்டும் வருமானம் ஆகாது. எனவே புறப்படும் ஆண்டும், படிப்பு முடிந்து திரும்பும் ஆண்டுமே கவனத்திற்குரியவை.

இரட்டை வரிக்குப் பரிகாரம்

கல்விச் செலவிற்காக வழங்கப்படும் உதவித்தொகைக்கு 10(16)ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆனால் செய்த பணிக்குப் பெறும் தொகை ஊதியமே. ஒரே ஊதியத்திற்கு இருமுறை வரி செலுத்த நேராதவாறு, 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கை வழிசெய்துள்ளது. அங்கே செலுத்திய கூட்டரசு வருமான வரியை இந்திய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். உடன்படிக்கை இல்லாத நாடுகளுக்கு 91ஆம் பிரிவு இத்தகைய நிவாரணம் தருகிறது. கழிவுத் தொகை, அவ்வருமானத்தின் மீதான இந்திய வரி, வெளிநாட்டு வரி ஆகிய இரண்டில் குறைவானதே.

மேற்கூறிய மாணவர் செப்டம்பர் முதல் மார்ச் வரை பெற்ற ஊதியம் ரூ. 9,75,000 என்றும், வேறு வருமானம் இல்லை என்றும் கொள்வோம். புதிய வரி முறையில் நிலையான கழிவு ரூ. 75,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ. 9,00,000. வரி ரூ. 40,000, 4 சதவீதக் கூடுதல் வரி சேர்த்து ரூ. 41,600. வெளிநாட்டு வரி ரூ. 60,000 ஆயின், கழிவு ரூ. 41,600 மட்டுமே, மிகுதி ரூ. 18,400 இங்கே திரும்பக் கிடைக்காது. வெளிநாட்டு வரி ரூ. 8,000 ஆயின், ரூ. 33,600 இங்கே செலுத்த வேண்டும்.

இரண்டாவது நிலையே மிகுதியும் நேரக்கூடியது. உடன்படிக்கையின் 21ஆம் விதி, இந்திய மாணவருக்கு அமெரிக்கரைப் போன்றே நிலையான கழிவை வழங்குகிறது. 2024இல் அது 14,600 டாலர். அமெரிக்க வரி ஆண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதால், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாத ஊதியம் மட்டுமே பெற்றவருக்கு அங்கே வரி எழாமலே போகலாம். பிடித்த தொகையும் திரும்பக் கிடைக்கும். திரும்பப் பெற்றதை ‘செலுத்திய வரி’ என இங்கே காட்டலாகாது.

கணக்குத் தாக்கல்

இம்மாணவர் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிற்கு ஐ.டி.ஆர். 2 படிவத்தையே பயன்படுத்த வேண்டும். வெளிநாட்டு வருமானத்தை எஃப்.எஸ்.ஐ. அட்டவணையிலும், வரிக் கழிவை டி.ஆர். அட்டவணையிலும், வெளிநாட்டு வங்கிக் கணக்கை எஃப்.ஏ. அட்டவணையிலும் காட்ட வேண்டும். இவற்றுள் கடைசியானது டிசம்பரில் முடியும் நாட்காட்டி ஆண்டிற்குரியது. ஊதியத்தை ரூபாயாக மாற்ற, அது சேர வேண்டிய மாதத்திற்கு முந்தைய மாதக் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கியின் தந்தி மாற்று வாங்கும் விகிதம் கொள்ளப்படும். வரிக் கழிவு கோருவோர், வரி பிடித்த சான்றுடன் 67ஆம் படிவத்தை அளித்தல் வேண்டும். கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்தவருக்கு மதிப்பீட்டு ஆண்டின் இறுதிவரை இதற்கு அவகாசம் உண்டு.

வரி எழாவிடினும், வழக்கமாக வசிப்பவர் வெளிநாட்டுக் கணக்கைத் தெரிவிப்பது கடமை. 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் இதற்கு ரூ. 10 லட்சம் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக ரூ. 20 லட்சத்திற்கு மேற்படாத சொத்துகளுக்கு அவ்வபராதம் இல்லை. எனினும் தெரிவிக்கும் கடமை நீங்கவில்லை. 2015இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வங்கிக் கணக்கு விவரங்கள் நம் அரசுக்கு வந்து சேர்கின்றன என்பதையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் வரி ஆண்டிற்கு 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் உரியது. பிரிவு எண்களும் படிவ எண்களும் அதில் மாறியிருப்பினும், நாட்களை எண்ணி நிலையை அறிவதும், இரட்டை வரியை நீக்குவதும் ஆகிய அடிப்படைகள் தொடர்கின்றன.

தெரிவித்தல் வேறு, செலுத்துதல் வேறு. முன்னதைச் செய்தவருக்கே இரட்டை வரிக்கான நிவாரணம் கிட்டுகிறது. பயண நாளைக் காட்டும் கடவுச்சீட்டுப் பக்கம், மாத ஊதியச் சீட்டுகள், ஆண்டு இறுதியில் நிறுவனம் தரும் டபிள்யூ-2 சான்று, அங்கு தாக்கல் செய்த வரிக் கணக்கின் படி ஆகிய நான்கையும் மாணவர் முதலாண்டிலிருந்தே பாதுகாத்து வைப்பாராயின், பின்னர் வரும் எந்த வினாவிற்கும் அவர் தயங்காது விடையளிக்கலாம்.