கோடு விழாத கண்ணாடி

விருந்தாட்கள் வருகிறார்கள் என்றால் அலுமாரிக் கண்ணாடியை ஓடிப்போய்த் துடைக்கிறோம். ஈரம் இருக்கும்வரை பளிச்சென்றுதான் இருக்கும். காய்ந்ததும் கோடு கோடாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுத் துடைத்தால் கோடு கூடுமே தவிரக் குறையாது. அந்தக் கோடு பெரும்பாலும் பழைய அழுக்கல்ல. துடைத்த தண்ணீரும் சவர்க்காரமும் காய்ந்தபின் விட்டுப்போன மிச்சம். அதனால் துணியைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

மாத்தளை மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துக் கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் பெரும்பாலும் கடினத் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுவதை அங்குள்ள எந்த வீட்டிலும் பார்க்கலாம். மலைப்பக்கம், இறத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டங்களில் பீலித் தண்ணீர் பொதுவாக மென்மையானது. சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். தேயிலை மண்ணுக்குப் போடுகிற டொலமைட் மாத்தளைப் பக்கத்துப் பாறைகளிலும் இருக்கிறது. அந்தப் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும்.

சோதிப்பது எளிது. கண்ணாடியின் ஒரு மூலையில் உங்கள் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் விழுந்தால் அந்தத் தண்ணீர் கடைசித் துடைப்புக்கு ஆகாது. மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். மழை தொடங்கியதும் கூரையைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு வாளியை வைக்க வேண்டும். மழை இல்லாத மாதங்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். கொதிப்பதால் கடினத்தன்மை முழுதும் போகாது. ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

துணி மூன்று வேண்டும். பலமுறை துவைத்து நைந்த பருத்திப் பனியனுக்கு மிஞ்சியது இல்லை என்பேன். கடையில் மைக்ரோபைபர் துணி கிடைத்தால் அதுவும் நல்லதே. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தில் அலசிய துணி மட்டும் வேண்டாம். அது கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விடும். பத்திரிகைத் தாள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும்தான். ஆனால் மை கையிலும் வெள்ளைச் சட்டத்திலும் ஒட்டும்.

வெயில் நேரே விழும் வேளையில் தொடங்காதீர்கள். நீங்கள் துடைத்து முடிக்கும் முன்பே தண்ணீர் காய்ந்து கோடாகிவிடும். மலைப்பக்கத்தில் விடியற்காலையும் சரிவராது. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டாலே பூத்துவிடும். பனி விலகிய பிறகு பாருங்கள்.

முதலில் உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள். சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே படிந்த பவுடரும் தூசியும் பிறகு ஈரத்தில் விழுந்தால் சேறாகும். ஸ்டிக்கர்ப் பொட்டின் பசையை நகத்தால் சுரண்ட வேண்டாம். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் தானே இளகி வரும்.

அடுத்து, ஒரு லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. இரண்டே சொட்டுத்தான்! நுரை கூடக்கூட அலச வேண்டிய வேலையும் கூடும். கண்ணாடியில் தெளிக்காமல், துணியை அதில் நனைத்து இறுகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் தடவிய இடத்தை இன்னொரு தரம் துடைக்க வேண்டும். இரண்டாவது துணியை மழைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சவர்க்காரத்தை எடுங்கள். ஈரம் காய்வதற்குள் மூன்றாவது, உலர்ந்த துணியால் இடமிருந்து வலமாகத் துடைத்து முடியுங்கள். இந்தக் கடைசித் துடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. திசையை மாற்றுவதற்கும் காரணம் உண்டு: நெடுக்கே கோடு தெரிந்தால் சவர்க்காரம் மிச்சம், குறுக்கே தெரிந்தால் உலர்ந்த துணி நனைந்துவிட்டது, மாற்றுங்கள்.

குளியலறைக் கண்ணாடியில் இறுகிப்போன வெள்ளைப் புள்ளிகளுக்கு இது போதாது. அவை சுண்ணாம்பு. இதே மாவட்டத்துச் சிகிரியாவில், 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்துக் கண்ணாடிச் சுவர் சுண்ணாம்புச் சாந்தை வழுவழுப்பாக மெருகேற்றிச் செய்யப்பட்டது. அங்கே பளபளப்புத் தந்த பொருளின் உறவுதான் நம் வீட்டில் கறையாகப் படிகிறது. சுண்ணாம்புக்கு அமிலம் ஆகாது. வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, புள்ளிகள்மேல் ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துவிட்டுத் துடைத்து அலசுங்கள். தேசிக்காய்ச் சாறும் கரைக்கும்; ஆனால் பிசுபிசுப்பை விடும். சாம்பலும் பற்பசையும் வேண்டாம், கீறல் விழலாம். வினாகிரியோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

வினாகிரியோ தண்ணீரோ விளிம்பில் தேங்கக்கூடாது. 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த முறையின் வழிவந்தவைதான் இன்றைய வெள்ளி பூசிய கண்ணாடிகள். வெள்ளிப்பூச்சு பின்பக்கம், மெல்லிய வர்ணத்துக்குள் இருக்கிறது. விளிம்பு வழியே ஈரம் புகுந்தால் அது கறுக்கும். அந்தக் கறுப்பை எந்தத் துடைப்பாலும் எடுக்க முடியாது. ஆகவே சட்டத்தோரத்தை உலர்ந்த துணி நுனியால் ஒருமுறை ஒற்றியெடுங்கள்.

இனி விளக்கை அணைத்துவிட்டு, ஓரமாக நின்று டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் பாருங்கள். நேரே நின்றால் உங்கள் முகம்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் கோடு தெரியும். தெரிந்த இடத்தில் வாயால் ஊதி, உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு.