நகரத் தொழுவமும் சாணக் கரைசலின் நாற்றமும்

மும்பை நகரினுள் இருந்த எருமைகளை ஓரிடத்தில் குடியமர்த்தும் பொருட்டு 1949ஆம் ஆண்டில் ஆரே பால் குடியிருப்பு நிறுவப்பட்டது. எனினும், ‘தபேலா’ என வழங்கும் தொழுவங்கள் நகரை விட்டு முற்றும் அகன்றுவிடவில்லை. அவற்றின் சாணம் நெடுங்காலம் சாக்கடை வழியே மித்தி ஆற்றில் கலந்தது. பவாய், விகார் ஏரிகளின் உபரிநீரை ஏற்று, குர்லா வழியாக மாகிம் கழிமுகத்தை அடையும் இந்த ஆறு, 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது கரை மீறியது. ஆற்றைத் தூர்த்த கழிவுகளுள் தொழுவச் சாணமும் ஒன்று.

சாணத்தை ஆற்றில் விடலாகாது எனில், தேக்கி வைத்தல் வேண்டும். தேக்கினாலோ நாற்றம் எழுகின்றது. குர்லா போன்ற நெருக்கமான பகுதியில் இது சிறிய பிரச்சினையன்று.

நாற்றத்தின் காரணம்

சுமார் 400 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் இடும். நூறு மாடுகளுக்கு இது ஒன்றரை முதல் இரண்டு டன் ஆகும். சிறுநீரும் கழுவுநீரும் சேர்ந்து அது கரைசலாகின்றது. தொட்டியில் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடுவதால், அஃதின்றியே வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை சாணத்தை அரைகுறையாகச் சிதைக்கும்போது ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலியன தோன்றுகின்றன. இவையே நாற்றத்திற்குக் காரணம்.

காற்றூட்டும் முறை

கரைசலில் காற்றைச் செலுத்தினால், பிராணவாயுவைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் மேலோங்கி, நாற்றப் பொருள்களைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருத்தல் நலம். தொட்டி முழுவதற்கும் காற்றூட்ட மின்செலவு மிகும். மேற்பரப்பு அடுக்கிற்கு மட்டும் ஊட்டினாலும், அடியிலிருந்து எழும் நாற்றப் பொருள்கள் அவ்வடுக்கில் பெரிதும் சிதைந்துவிடும். திடப்பொருளை முன்னரே வடித்தெடுத்தால் செலவு மேலும் குறையும்.

எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. நாட்பட்ட கரைசலைத் திடீரெனக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பெருமளவில் வெளிப்பட்டு உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே, தொட்டி நிரம்பத் தொடங்கும்போதே காற்றூட்டலையும் தொடங்குதல் வேண்டும். துப்புரவுக்கென எவரையும் தொட்டியினுள் இறக்கலாகாது.

பொருளாதார நோக்கு

காற்றூட்டலுக்கு மின்சாரம் செலவாகின்றது. தழைச்சத்தின் ஒரு பகுதியும் அம்மோனியாவாக வெளியேறிவிடுகின்றது. மாறாக, மூடிய கலத்தில் சாண எரிவாயு எடுத்தால் நாற்றம் அடங்குவதுடன் எரிபொருளும் கிடைக்கும். குர்லாவுக்கு அண்மையிலுள்ள மாதுங்காவில், தொழுநோயாளர் இல்லமொன்றின் மனிதக் கழிவிலிருந்து 1897ஆம் ஆண்டிலேயே எரிவாயு எடுத்து விளக்கேற்றினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனவே முதலில் எரிவாயு, பின்னர் எஞ்சிய கரைசலுக்கு மட்டும் காற்றூட்டல் என்பதே சிக்கனமான வரிசை. ஆனால், சில மாடுகளே உடைய தொழுவக்காரர் இவ்விரண்டின் முதலீட்டையும் தனித்துத் தாங்க இயலாது. நாற்றம் நீங்குவதன் பயன் அயலார் அனைவருக்கும் உரியதாகலின், அதன் செலவிலும் சமூகம் பங்கேற்றல் முறை. பல தொழுவங்களுக்குப் பொதுவானதொரு கலமும், கூட்டுறவு அடிப்படையில் அதன் பராமரிப்பும் இதற்கு ஏற்ற வழியாகும்.