பக்கத்துத் தெருவில் ஒரு மொழி

டூயோலிங்கோவில் கொரியனோ ஜெர்மனோ படிக்கிறவங்க உங்க வகுப்பிலேயே நாலஞ்சு பேர் இருப்பாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தச் செயலியில் இல்லாத ஒரு மொழியை ஆரணியிலேயே பேசுறாங்க: சௌராஷ்டிரம்.

யாருடைய மொழி?

குஜராத் பக்கமிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கே வந்த நெசவாளர்களின் தாய்மொழி இது. பட்டுநூல்காரர் என்பது அவர்களின் பழைய பெயர். மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடி என்று நெசவு ஊர்களில் குடியேறினார்கள், ஆரணியிலும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இதைப் பேசுபவர்கள் 2,47,702 பேர்.

மூன்று, நான்கு, ஐந்து என்பதை தீன், சார், பாஞ்ச் என்பார்கள். இந்தி தெரிஞ்சவங்களுக்கு உடனே பிடிபடும். வந்த வழியில் தெலுங்கும் கன்னடமும், இங்கே தமிழும் கலந்துவிட்டன. அவர்கள் நடந்து வந்த பாதை பேச்சிலேயே பதிந்திருக்கிறது.

எழுத்து இருக்கு, வகுப்பு இல்லை

சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி.எம். ராமராய் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். 2008-இல் யூனிகோடிலும் சேர்ந்தது. ம, ந, ர, ல போன்றவற்றை மூச்சுக் காற்றோடு சொல்வதற்கென்றே ‘ஹாரு’ என்று ஒரு குறி அதில் உண்டு. ஆனாலும் பேசுகிற பலருக்கு அந்த எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தில்தான் எழுதுவார்கள். வீடும் தறியும்தான் இதற்கு வகுப்பறை. பிள்ளைகள் தறியை விட்டு நம்மைப் போல இன்ஜினியரிங் வரும்போது அந்த வகுப்பறை சுருங்குகிறது.

நோரிஹிகோ உச்சிதா என்ற ஜப்பானிய மொழியியலாளர் இந்த மக்களிடம் கேட்டுக் கேட்டு, 1990-இல் சௌராஷ்டிர–ஆங்கில அகராதியே வெளியிட்டார். பக்கத்து பெஞ்சில் இருக்கிற நாம இன்னும் ஒரு வார்த்தைகூட கேட்கலை!

நியூசிலாந்தில் மாவோரி மொழி தேய்ந்தபோது, 1982-இல் ‘மொழிக்கூடு’களைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் சின்னக் குழந்தைகளிடம் மாவோரியில் மட்டுமே பேசுவார்கள். 1987-இல் அது அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ மொழியானது. புழங்கினால்தான் மொழி ஒட்டும் என்பதே அதில் நமக்கான பாடம்.

நீங்க எப்படித் தொடங்கலாம்?

1. நாலு பேர் சேருங்க. சௌராஷ்டிரம் வீட்டில் பேசுற ஒரு நண்பராவது இருக்கட்டும்.
2. வாரம் பத்துச் சொல் போதும். சாப்பாடு, உறவுமுறை, அப்புறம் பாவு, ஊடை, நாடா மாதிரி தறிச் சொற்கள்.
3. தமிழில் எழுதினால் க, ப போன்றவற்றின் ஒலி வேறுபாடு தெரியாது. அதனால் அனுமதி கேட்டு போனில் பதிவு செய்யுங்க. தறி ஓடும்போது தொந்தரவு பண்ண வேண்டாம்; ஓய்வு நேரத்தில் போங்க.
4. அரை மணி நேரம் அந்த மொழியில் மட்டும் பேசிப் பாருங்க. மாட்டிக்கிட்டா கையைக் காட்டிக் கேளுங்க.
5. சேர்த்த சொற்களை ஒலியோடு ஒரு ஷீட்டில் போட்டு, முதலில் சொல்லித்தந்த வீட்டுக்குக் கொடுங்க.

இதே முறை தெலுங்குக்கும் உருதுக்கும் பொருந்தும். கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: “உங்க வீட்ல இதை என்னன்னு சொல்வீங்க?”